இடையில் வந்த இடைவெளி

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உன் முதுகு எப்படி இருக்கிறது? நாள் முழுக்கக் குனிந்தே வேலை செய்கிறாய். நடுவில் எழுந்து நாலு எட்டு நடந்துவிட்டு வா என்றால் கேட்கமாட்டாய்.

என் வேலை எப்போதும்போலத்தான். காலை எட்டிலிருந்து மாலை நாலு வரை காதில் கருவியை மாட்டிக்கொண்டு, "வணக்கம், யாரோட பேசணும்?" ஒரு நாளைக்கு முந்நூறு பேரை முந்நூறு பேரோடு பேச வைக்கிறேன். போன் ஆபரேட்டருக்குச் சொந்தமாகப் பேச ஒரு போன் இல்லை. ஆபீஸில் சூப்பர்வைசர் அம்மா பக்கத்து மேசையில் இருக்கிறார். வீட்டில் போன், அத்தையின் நாற்காலிக்குக் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. அதனால்தான் கடிதம்.

ஒரு சின்ன உதவி. ஆபீஸில் ஒரு பெண், என் வயதுதான், முப்பத்தொன்று. மேல்வரிசையில் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே அவளுக்கு ஒரு சந்து. தீக்குச்சி நுழையும். சிரிப்பு வந்தால் கையால் வாயைப் பொத்திக்கொள்கிறாள். இது எதனால் வருகிறது, சரி செய்ய முடியுமா, வலிக்குமா, எத்தனை நாள் பிடிக்கும் என்று கேட்டாள். என் அக்கா பல் லேப்பில் இருக்கிறாள், கேட்டுச் சொல்கிறேன் என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன். மானத்தைக் காப்பாற்று.

பதிலை ஆபீஸ் முகவரிக்கே போடு. வீட்டுக்கு வரும் தபால் என் கைக்கு வரக் கொஞ்சம் நாளாகிறது.

அன்புடன்,
சின்னவள்


ஜனவரி 20

சின்னவளுக்கு,

முதுகு அதன் பாட்டுக்கு வலிக்கிறது, நான் என் பாட்டுக்கு வேலை செய்கிறேன். எங்களுக்குள் சண்டை இல்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? மாப்பிள்ளை வெளியூர் போகாத வாரம் எதுவாவது உண்டா?

உன் தோழி விஷயம். நான் டாக்டர் இல்லை, டாக்டர் எடுத்து அனுப்பும் அச்சைப் பார்த்துப் பல் செய்கிறவள். ஆனால் பன்னிரண்டு வருடமாக ஊரார் வாயையே பார்த்துக்கொண்டிருப்பதால் கொஞ்சம் தெரியும். மேலுதட்டின் உள்பக்கம் நாக்கால் தடவிப் பார்த்தால் ஒரு சதைநார் தட்டுப்படும். சிலருக்கு அது தடித்து, இரண்டு பற்களுக்கும் நடுவே புகுந்து உட்கார்ந்துவிடும். அப்படியிருந்தால் பல் எப்படிச் சேரும்? சிலருக்குத் தாடை அப்பாவுடையது, பல் அம்மாவுடையது. பெரிய பெஞ்சில் நாலு சின்னப் பிள்ளைகளை உட்கார வைத்த மாதிரி, இடம் மிச்சமாகும். பக்கத்துப் பல் முளைக்காமலே போனாலும் இப்படி ஆகும். சின்ன வயதில் விரல் சூப்புவது, விழுங்கும்போதெல்லாம் நாக்கால் முன்பல்லைத் தள்ளுவது, இவையும் காரணம். வயது வந்தபின் ஈறு நோய் வந்து எலும்பு கரைந்தால் பல் விசிறி மாதிரி விரியும்.

சரி செய்ய நாலைந்து வழி உண்டு. பல் நிறத்தில் ஒரு பசை இருக்கிறது. இரண்டு பல்லின் ஓரத்திலும் அதை வைத்து வளர்த்து, விளக்கொளி காட்டி இறுக வைப்பார்கள். ஒரே நாளில் முடியும், வலிக்காது. ஆனால் சில வருடத்தில் கறைபடும், முனை உடையும். மெல்லிய தகடு செய்து முன்பக்கம் ஒட்டுவது அடுத்தது. அதற்குப் பல்லைக் கொஞ்சம் சீவ வேண்டும். சுற்றிலும் சீவி மேலே மூடி போட்டால் கேப். சந்துக்கும் கேப் என்கிறார்கள், மூடிக்கும் கேப் என்கிறார்கள். கேப்புக்கு கேப் என்று பில் எழுதி எங்கள் முதலாளி ஒருமுறை குழம்பிப்போனார். பொறுமை இருந்தால் கிளிப் போட்டுப் பல்லையே நகர்த்துவதுதான் முறை. ஒரு வருடம், ஒன்றரை வருடம் ஆகும். பிறகு பின்பக்கம் ஒரு கம்பி ஒட்டி வைக்காவிட்டால் பல் பழைய இடத்துக்கே ஓடிவிடும்.

அவளிடம் ஒன்று கேட்டுச் சொல். சந்து சின்ன வயதிலிருந்தே இருக்கிறதா, புதிதாக வந்ததா? பிறவியிலேயே இருப்பது அழகு சம்பந்தப்பட்டது. மூடினாலும் சரி, விட்டாலும் சரி. புதிதாக வந்தது அப்படியில்லை. வளர்ந்த ஆளுக்குப் பல் சும்மா நகராது, எதுவோ தள்ளுகிறது என்று அர்த்தம். மூடுவது சுலபம். ஏன் வந்தது என்று தெரியாமல் மூடக்கூடாது.

வீட்டுக்கு வரும் உன் தபாலை யார் பிரிக்கிறார்கள்?

அக்கா


பிப்ரவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

ஒரு மாதம் ஆக்கிவிட்டேன், திட்டாதே. உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது.

அந்தப் பெண் நான்தான்.

உனக்கு முதல் வரியிலேயே தெரிந்திருக்கும். போன வருடம் மழைக்காலத்தில் முதலில் பார்த்தேன். பல் தேய்க்கும்போது நடுவில் ஒரு கோடு மாதிரி இருந்தது. ஈறு கொஞ்சம் இறங்கியிருக்கும் என்று விட்டுவிட்டேன். பிறகு கோடு சந்தாயிற்று. ஒரு நாள் நான் ஏதோ சொல்லிச் சிரித்தபோது அத்தை என் வாயையே பார்த்தார். அன்றைக்குச் சாப்பிடும்போது எல்லோர் முன்னாலும் சொன்னார்: "உங்க அக்கா பல் பண்றவதானே. கல்யாணத்துக்கு முன்னாடி ஓட்டைய அடைச்சு எங்க தலையில கட்டிட்டா. இப்ப அடைச்சது உதிர்ந்துபோச்சு."

நான் இல்லை என்றேன். "அப்ப இது எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்டார். எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியவில்லையே. என் வீட்டுக்காரர் தன் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நாத்தனார் எழுந்து தண்ணீர் எடுக்கப் போனாள். ஓட்டை, உதிர்தல், ஏமாற்று என்று அந்தப் பேச்சு இப்போது வாரம் ஒருமுறையாவது வருகிறது. வீட்டுக்கு யார் வந்தாலும் நான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். "ஊமையா?" என்று ஒருவர் கேட்டுவிட்டுப் போனார்.

ஏப்ரலில் நாத்தனார் கல்யாணம். போட்டோவில் நான் வாயைப் பொத்திக்கொண்டு நிற்க முடியாதாம். அதற்குள் பசை வைத்து அடைத்துவிட வேண்டும் என்று முடிவாகியிருக்கிறது. அத்தைக்குத் தெரிந்த டாக்டர்.

கோபப்படாமல் பதில் சொல். எனக்கே சந்தேகமாக இருக்கிறது. எப்போதுமே இருந்ததா அக்கா? நான் சின்னவளாக இருந்தபோது நீ ஏதாவது செய்தாயா? இத்தனை பேர் இத்தனை தடவை சொல்லும்போது என் வாயையே என்னால் நம்ப முடியவில்லை.

சின்னவள்


மார்ச் 6

சின்னவளுக்கு,

கோபப்படாதே என்றாய். மூன்று நாள் கோபப்பட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

உனக்குச் சந்து இருந்ததே இல்லை. உன் பல்லை நான் தொட்டதும் இல்லை, ஒரே ஒரு முறை தவிர. உனக்குப் பத்தொன்பது வயதில், நான் இந்த வேலைக்குச் சேர்ந்த புதிதில், அச்சு எடுத்துப் பழகுவதற்கு உன்னைப் பிடித்து உட்கார வைத்தேன். தையல் கற்பவள் தங்கைக்குப் பாவாடை தைத்துப் பார்க்கிற மாதிரி. வாந்தி வருகிறது என்று நீ என் கையைக் கடித்தாய். அந்தப் பிளாஸ்டர் அச்சு இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. அடியில் தேதியும் என் கையெழுத்தும் இருக்கின்றன. முன்பல் இரண்டும் ஒட்டி நிற்கின்றன, நூல் நுழையாது.

அதன் நகல் ஒன்றைப் பஞ்சு சுற்றித் தகர டப்பாவில் அனுப்புகிறேன். அசலை வைத்துக்கொள்கிறேன். உன் அத்தையிடம் காட்டு. மாப்பிள்ளையிடமும் காட்டு. அவருக்குக் கண் இருக்கிறது அல்லவா?

அடைப்பதற்கு முன் அந்த டாக்டரைப் புதிதாக ஒரு அச்சு எடுக்கச் சொல்லி எனக்கு அனுப்பு. ஏன் வந்தது என்று அவர் கேட்டாரா? எக்ஸ்ரே எடுத்தாரா? இரண்டுக்கும் பதில் எழுது. முடிந்தால் அடைக்காதே.

அக்கா


மே 14

அன்புள்ள அக்காவுக்கு,

உன் உடல்நிலை பற்றி ஒரு வரிகூட எழுதமாட்டேன் என்கிறாய். நான் சௌக்கியம்.

கல்யாணம் நன்றாக நடந்தது. உன் டப்பா அதற்கு முன்பே வந்துவிட்டது. தைரியத்தை வரவழைத்துக்கொண்டு அத்தை முன்னால் மேசைமேல் வைத்தேன். கையில் எடுத்து நன்றாகத் திருப்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "பல்லே பண்றவளுக்கு இதப் பண்ண எவ்ளோ நேரம் ஆகும்?" தேதியைக் காட்டினேன். "தேதியும் அவதானே எழுதினா?" என்றார். அக்கா, அவர் சொல்வதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. திருடன் கையில் இருக்கும் ரசீது மாதிரி ஆகிவிட்டது. நீ வேறு தொழிலில் இருந்திருக்கலாம்.

என் வீட்டுக்காரர் என்னிடம் தனியாக, "விடு, கல்யாணம் முடியட்டும்" என்றார். மறுநாள் வெளியூர் போய்விட்டார்.

பசை வைத்தாயிற்று. முக்கால் மணி நேரம். டாக்டர் நல்லவர்தான், பாட்டு முணுமுணுத்துக்கொண்டே செய்தார். ஏன் வந்தது என்று கேட்கவில்லை, எக்ஸ்ரேயும் எடுக்கவில்லை. நான் சொல்ல வாயெடுத்தால் வாய்க்குள் அவர் கை. போட்டோவில் நான் பல் தெரியச் சிரிக்கிறேன். ஆனால் பல்லைத் தவிர மற்றதெல்லாம் யாருடையதோ மாதிரி இருக்கிறது. மூக்கு, தாடை, எல்லாம் ஒரு சுற்று பெருத்து. எல்லோரும் கல்யாணச் சாப்பாடு என்றார்கள்.

சிரிக்க ஒரு விஷயம். போனில் பேசுகிறவர்கள் என்னை "சார்" என்கிறார்கள். போன வாரம் மட்டும் மூன்று பேர். நானும் திருத்துவதை விட்டுவிட்டேன். மோதிரம் வேறு கழற்ற வராமல், சோப்பு போட்டு, எண்ணெய் போட்டு, கடைசியில் கடையில் கொடுத்து வெட்டி எடுத்தோம். உன் தங்கை வீராங்கனை ஆகிக்கொண்டிருக்கிறாள்.

போன வாரம் பசை ஓரமாக விண்டுவிட்டது. அதற்குப் பக்கத்தில் புதிதாக ஒரு சந்து, கீழ்வரிசையிலும் இரண்டு. "அடைக்க அடைக்கத் திறக்குது, எத்தனைய மறைச்சாளோ" என்கிறார் அத்தை. இப்போது மேலே ஆறு பல்லையும் சீவி ஒரேயடியாகக் கேப் போட்டுவிடலாம் என்று பேசிவைத்திருக்கிறார்கள். ஜூன் பத்தாம் தேதி. அதற்காக எடுத்த அச்சில் ஒன்றை, பாட்டு டாக்டரிடம் கெஞ்சி வாங்கி இத்துடன் வைத்திருக்கிறேன்.

ஒரு தடவை சீவிய பல் திரும்ப வளராது, இல்லையா?

சின்னவள்


மே 27

சின்னவளுக்கு,

வளராது. சீவ விடாதே. தேதியைத் தள்ளிப்போடு. காய்ச்சல் என்று சொல், என்ன வேண்டுமானாலும் சொல்.

உன் அச்சு வந்த அன்று இரண்டையும் என் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒவ்வொரு பல்லாக அளந்தேன். பல்லெல்லாம் அதே பல். ஒரு பல்லின் ஓரத்தில் இருந்த சின்ன உடைசல்கூட அப்படியே இருக்கிறது. ஆனால் கீழ்த்தாடை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நாலு மில்லிமீட்டர் அகலமாகியிருக்கிறது. மேல்வரிசையோடு பொருத்திப் பார்த்தேன், கீழ்வரிசை முன்னால் வந்து நிற்கிறது. எங்கள் தொழிலில் கால் மில்லிமீட்டர் தப்பினால் வேலையைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

எங்கள் லேப்புக்கு வேலை கொடுக்கும் தாடை டாக்டரம்மாவிடம் எடுத்துப் போனேன். இரண்டையும் பார்த்துவிட்டு, "இது ரெண்டும் யாரோடது?" என்றார். ஒரே ஆளுடையது என்றேன். "இருக்காதும்மா, மாத்திக் கொண்டுவந்திருக்கீங்க." என் தங்கையுடையதுதான் டாக்டர், ரெண்டையும் எனக்குத் தெரியும் என்றேன். அவர் இரண்டையும் மறுபடி பொருத்திப் பார்த்தார். பிறகு கேட்டார்: "அவங்களுக்கு மோதிரம் கழலுதா?"

உன் கடிதம் என் பையில் இருந்தது. அந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டினேன்.

இன்னும் நாலு கேள்வி கேட்டிருக்கிறார். உடனே பதில் எழுது. ஒன்று, செருப்பு அளவு கூடியிருக்கிறதா? இரண்டு, தலைவலி உண்டா? மூன்று, பக்கவாட்டில் இருப்பது கண்ணுக்குத் தெரியாமல் எதிலாவது இடித்துக்கொள்கிறாயா? நாலு, மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா?

அக்கா


ஜூன் 1

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது, இன்றே எழுதுகிறேன்.

செருப்பு இரண்டு அளவு கூடிவிட்டது. பெண்கள் செருப்பில் கிடைக்காமல் அவருடைய பழைய ஜோடியைப் போட்டுக்கொண்டு போகிறேன். தலைவலி தினமும் உண்டு. காதில் கருவி மாட்டுவதால் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமையும் வலிக்கிறது. மூன்றாவதும் உண்மைதான். இடது தோள் எப்போதும் நிலைப்படியில் இடிக்கும். மேசை ஓரத்தில் வைத்த கண்ணாடித் தம்ளர்கள் இரண்டைத் தட்டி உடைத்துவிட்டேன். "கண்ணு எங்க இருக்கு? திமிரு" என்று அத்தை சொன்னார். நேற்றுவரை நானும் என் கவனக்குறைவு என்றுதான் நினைத்தேன்.

தேதி தள்ளிப்போகவில்லை. காய்ச்சல் என்றேன், நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டார்கள்.

இது என்ன நோய்? பெயரை எழுதாமல் விட்டிருக்கிறாய்.

சின்னவள்


ஜூன் 4

சின்னவளுக்கு,

நாலு கேட்டேன், மூன்றுக்குத்தான் எழுதியிருக்கிறாய்.

பெயர் நீளம், அது எதற்கு? விஷயம் இதுதான். மூக்குக்குப் பின்னால், மூளைக்கு அடியில், பட்டாணி அளவில் ஒரு சுரப்பி இருக்கிறதாம். சின்ன வயதில் நம்மை வளரச் சொல்வது அதுதான். அதில் ஒரு கட்டி வந்தால், வளர்ந்து முடிந்தவர்களையும் மறுபடி வளர் வளர் என்று விரட்டும். எலும்பு வளரும், குரல்வளை தடிக்கும், விரல் பெருக்கும். பல் மட்டும் வளராது. அதனால்தான் சந்து. கட்டி பெரிதானால் பக்கத்தில் போகும் கண் நரம்பை அழுத்தும். இரத்தப் பரிசோதனையும் ஒரு ஸ்கேனும் எடுத்தால் உறுதியாகத் தெரிந்துவிடும். மூக்கு வழியாகவே ஆபரேஷன் செய்கிறார்கள், பிழைத்து நன்றாக இருக்கிறார்கள் என்று டாக்டரம்மா சொன்னார். இதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். நான் நம்பினேன், நீயும் நம்பு.

யாரும் எதையும் அடைக்கவில்லை, மறைக்கவில்லை. ஆனால் போன வருடம் நீ வந்திருந்தபோது உன் தாடையைப் பார்த்து, அப்பா ஜாடை வந்துவிட்டது என்று மனசுக்குள் நினைத்தேன். நாள் முழுக்கத் தாடையைப் பார்க்கிறவள் உன்னுடையதைச் சரியாகப் பார்க்கவில்லை. அது என் தப்பு.

ஒன்பதாம் தேதி காலை உன் வீட்டு வாசலில் நிற்பேன். ஒரு பை மட்டும் எடுத்து வை.

அக்கா


ஜூன் 8

அக்கா,

இதைத் தபாலில் போடவில்லை. நாளைக்கு நீ வாசலில் நின்றதும் கையில் கொடுப்பேன். அத்தை கூடத்தில் இருப்பார். அவர் முன்னால் எனக்கு வாய் வராது. படித்துவிட்டு மடித்து வைத்துக்கொள். டாக்டரிடமும் நீயே சொல்லிவிடு.

நாலாவது கேள்வி. பதினாலு மாதமாக வரவில்லை.

முதல் இரண்டு மாதம் வேறு மாதிரி நினைத்தோம். அவர் எனக்கு ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்தார். அத்தை என்னைத் தண்ணீர்க் குடம் தூக்க விடவில்லை. நான் அந்த வீட்டில் சந்தோஷமாக இருந்த நாட்கள் அவை மட்டும்தான். பிறகு பரிசோதனையில் இல்லை என்று வந்தது. குடத்தை மறுநாள் யாரும் தூக்கவில்லை, நான் போய்த் தூக்கினேன்.

அதற்குப் பிறகும் வரவில்லை என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. சொன்னால் டாக்டரிடம் கூட்டிப் போவார்கள், டாக்டர் ஒரேயடியாகக் குழந்தை இல்லை என்று சொல்லிவிடுவார், அதோடு என் கதை முடியும் என்று பயந்தேன். அதனால் ஒவ்வொரு மாதமும் தேதி பார்த்து மூன்று நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். குப்பைக்கூடையில் போட வேண்டியதைப் போட்டேன். அத்தை கூடையைப் பார்ப்பார், அது எனக்குத் தெரியும். பன்னிரண்டு மாதம் அக்கா. சந்தை மறைத்ததாகச் சொன்னபோது நான் பலமாக மறுக்காததற்கு இதுதான் காரணம். வேறொன்றை மறைத்துக்கொண்டிருந்தேனே.

அவருக்கும் தெரியாது.


அக்டோபர் 3

அன்புள்ள உனக்கு,

நீயும் உன் அக்காவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் கடிதம் எழுதிப் பழக்கமில்லாதவன், தப்பிருந்தால் பொறுத்துக்கொள். நாலு வருடத்தில் உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. அதையும் உன் அக்கா வீட்டு முகவரிக்கு எழுத வேண்டியதாயிற்று.

ஆபரேஷன் முடிந்து எட்டு வாரம் ஆகிறது. ஆஸ்பத்திரியில் உன் மூக்கில் பஞ்சு வைத்திருந்த மூன்று நாளும் உன்னால் பேச முடியவில்லை. நானும் பேசவில்லை. இன்னும் ஆறு மாதம் விட்டிருந்தால் பார்வை போயிருக்கும் என்று பெரிய டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். பல்லை மட்டும் அழகாக மூடியிருந்தால் நோயைக் கவனிக்காமல் விட்டிருப்போம் என்றும் சொன்னார். அதை உன்னிடம் இதுவரை சொல்லவில்லை.

அம்மா இப்போது சொந்தக்காரர்களிடம் நோயை மறைத்துக் கட்டி வைத்துவிட்டார்கள் என்று சொல்கிறார். நான் ஒரு தடவை, "இல்லம்மா, இது அப்புறம் வந்தது" என்றேன். அதற்கு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. உன் பல்லைப் பற்றி அம்மா முதலில் பேசிய அன்றைக்குச் சாப்பிடும்போதே நான் சொல்லியிருக்க வேண்டும். உன் அக்கா வாசலில் நின்று, "என் தங்கச்சிய கூட்டிட்டுப் போறேன்" என்றபோது நான் உன் பையைத் தூக்கி வந்து கொடுத்தேன். அது உனக்குப் போ என்று சொன்ன மாதிரி இருந்ததா, உதவி செய்த மாதிரி இருந்ததா என்று அடிக்கடி யோசிக்கிறேன்.

நீ எப்போது வருகிறாய்? உன் ஆபீஸிலிருந்து சூப்பர்வைசர் அம்மா கூப்பிட்டுக் கேட்டார். லீவு இந்த மாதத்தோடு முடிகிறதாம். பல்லைச் சரி செய்தாயிற்றா என்று அம்மா கேட்கச் சொன்னார். எழுத வேண்டாம் என்று நினைத்தேன், எழுதிவிட்டேன்.

உன் கணவன்


அக்டோபர் 24

அன்புள்ள உங்களுக்கு,

நலம். அக்காவும் நலம். உங்கள் கடிதத்தை அவள் பிரிக்கவில்லை. மேசையில் என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு லேப்புக்குப் போய்விட்டாள். அதைக் கையில் எடுக்கவே எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. பதில் எழுத மூன்று வாரம் ஆகியிருக்கிறது.

இரத்தப் பரிசோதனை நன்றாக வந்திருக்கிறது. தலைவலி இல்லை. விரல் வீக்கம் வடிந்துவிட்டது. தாடை அப்படியேதான் இருக்கும், வளர்ந்த எலும்பு திரும்பிப் போகாது என்று சொல்லிவிட்டார்கள். கண்ணாடியில் பார்க்கும்போது இன்னும் சில நாள் திடுக்கிடுகிறது. பல்லைப் பற்றி அம்மாவுக்குச் சொல்லுங்கள்: ஆறு மாதம் இரத்தப் பரிசோதனை இதே அளவில் நின்றால் கிளிப் போட்டு நகர்த்தலாம், அதற்கு முன் தொடக்கூடாது என்று டாக்டரம்மா சொல்கிறார். நகர்த்துவதா வேண்டாமா என்று அப்போது நான் முடிவு செய்வேன். என்னிடம் கேட்காமல் இனி ஒரு தேதியும் குறிக்க வேண்டாம்.

இப்போது எழுதப்போவது உங்களுக்கு மட்டும். ஒரு வருடமாக மாதாமாதம் எனக்கு வந்ததாக நீங்கள் நினைத்தது வரவில்லை. நடித்தேன். உங்களிடமும் நடித்தேன். அதற்காக வருத்தப்படுகிறேன், ஆனால் அந்த வீட்டில் வேறு என்ன செய்திருக்க முடியும் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. போன வாரம் நிஜமாகவே வந்தது. அக்கா வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. முதலில் உங்கள் நினைவுதான் வந்தது. அது எனக்கே ஆச்சரியமாக இருந்தது, அதனால்தான் இந்தக் கடிதத்தையே எழுதுகிறேன்.

பையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எனக்கு அன்று அது போ என்று சொன்ன மாதிரிதான் இருந்தது. இல்லையென்றால் நல்லது.

நவம்பர் ஒன்றாம் தேதி வேலையில் சேருகிறேன். அம்மா இருக்கும் வீட்டுக்கு வரமாட்டேன். இது கோபத்தில் சொல்வதில்லை. அங்கே போனால் இரண்டே நாளில் மறுபடி வாயைப் பொத்திக்கொள்வேன், என்னை எனக்குத் தெரியும். ஆபீஸுக்குப் பின்தெருவில் ஒரு மாடி போர்ஷனை சூப்பர்வைசர் அம்மா பார்த்து வைத்திருக்கிறார். ஒரு அறை, ஒரு சமையலறை, தெருவைப் பார்த்த ஜன்னல் ஒன்று. அக்கா இரண்டு நாள் வந்து இருந்து, அலமாரி வாங்கிப் போட்டுவிட்டுப் போவாள்.

நீங்கள் வெளியூர் போய்த் திரும்பும் நாட்களில் எந்த வீட்டுக்கு வருவது என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அம்மாவைக் கேட்டுவிட்டு வர வேண்டாம். வந்தால் மணி அடிக்க வேண்டியதில்லை, நாலு மணிக்கு மேல் நான் இருப்பேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கதவு எண் 27, பச்சை வாசல். படி பக்கவாட்டில் இருக்கிறது.